உழைத்துக்கொண்டே தேர்வெழுதியோர் வரலாறு

முன்னுரை

செல்வங்கள் அனைத்தினும் கல்வியே அழியாதது என்பது வள்ளுவப் பெருந்தகை கண்ட முடிவு. ஆயின் அச்செல்வத்தை ஈட்டுதற்குப் பொழுது வேண்டும், பள்ளி வேண்டும், படிக்குங்காலத்தில் வயிறு நிரம்ப வழி வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் படித்தனர், வாய்க்காதவர் உழைத்தனர். நம் சமுதாயம் பன்னூறு ஆண்டுகளாக இரண்டாம் வரிசையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. எனினும் வரலாற்றை ஊன்றி நோக்கின் மூன்றாவது வரிசை ஒன்றும் தென்படும். பகலில் உழைத்து, இரவில் படித்து, தேர்வெழுதி உயர்ந்தோர் வரிசை அது.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவ்வரிசையின் வரலாற்றை எடுத்துரைத்தல் பொருத்தமாகும் எனக் கருதுகிறோம். இன்று நம் இளைஞர் பலர் கடைகளிலும் ஏலக்காய்க் கிட்டங்கிகளிலும் கேபிள் இழுக்கும் பணியிலும் இருந்துகொண்டே கணினி வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் படிக்க விழைகின்றனர். "வேலையையும் விட இயலாது, படிப்பையும் விட மனமில்லை. இஃது எங்களால் ஆகுமா?" என வினவுகின்றனர். அவ்வினாவிற்குரிய விடை நமக்கு முன் சென்றோர் வரலாற்றிலேயே உள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மலையும் கணக்கேடும்

நம் ஊராகிய போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது. மேலே ஏலமலை, கீழே கொட்டகுடி ஆறு பாயும் வயல்வெளி. மலையின் விளைச்சல் கீழிறங்குவதும், அடிவாரத்தின் உழைப்பு மேலேறுவதுமே இவ்வூரின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

1877இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளில் பயிரிடும் உரிமையைப் பெற்றார். காடு திருத்தப்பட்டது, தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கங்காணிகள் ஏற்றனர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் சேரிகளில் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக நம் மக்களை மலையேற்றினர். 1908இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு இருப்புப்பாதை ஒன்று அமைந்தது. அங்கிருந்து வானில் கட்டிய கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கி, போடியை வந்தடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது.

இப்பாதைகளில் கல் சுமந்தவர் யாவர்? மண் வெட்டியவர் யாவர்? பெட்டி தூக்கியவர் யாவர்? நம் முன்னோரே பெரும்பகுதியினர். ஆனால் தோட்டத்து அலுவலகத்தில் 'செக்ரோல்' எனப்படும் வருகைப் பதிவேட்டை எழுதியவர் கணக்கப்பிள்ளை. ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார், கங்காணியிடம் எவ்வளவு முன்பணம் பெற்றார், எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் அவ்வேட்டில் அடங்கின. உழைத்தவர்க்கு அவ்வேட்டைப் படிக்கத் தெரியாது. எழுதப்பட்டதே கணக்கு, சொல்லப்பட்டதே கூலி. ஆதலின் எழுத்தறிவு என்பது நம் மக்களுக்கு அழகுக்குரிய அணியாக வரவில்லை. தம் உழைப்பின் கணக்கைத் தாமே சரிபார்க்கும் கருவியாகவே அதன் தேவை முதலில் உணரப்பட்டது.

இரவுப் பள்ளியின் தோற்றம்

உழைப்போர்க்கு இரவில் பள்ளி என்னும் எண்ணத்தை இந்நாட்டில் செயலாக்கிய முன்னோடிகள் புனேயைச் சேர்ந்த சோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே ஆகிய தம்பதியர். 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அவர்கள், 1855இல் உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளி நடத்தினர். பகற்பள்ளிக்கு வரவியலாதவரைக் குறை கூறாமல், அவர் வரக்கூடிய நேரத்திற்குப் பள்ளியை மாற்றியமைத்ததே புலே தம்பதியரின் பெருமை. பள்ளியின் நேரத்திற்கு உழைப்பாளி வளைந்து வரல் வேண்டும் என்பது ஒரு முறை. உழைப்பாளியின் நேரத்திற்குப் பள்ளி வளைந்து வரல் வேண்டும் என்பது மற்றொரு முறை. பின்னதே பயன் தந்தது.

தமிழகத்தில் 1894இல் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அம்முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதரின் துணை இருந்தது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோர் நலனைத் தொழிலாளர் துறையிடம் ஒப்படைத்தது. அத்துறை நடத்திய பள்ளிகளை 'லேபர் ஸ்கூல்' என்றே நம் பாட்டன்மார் அழைத்தனர். அவையே பிற்காலத்தில் ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் எனப் பெயர் பெற்றன. நம்முள் எத்தனையோ குடும்பங்களின் முதற் கையெழுத்து அப்பள்ளிகளில் இடப்பட்டதன்றோ!

சுரங்கத் தொழிலாளர் எழுதிய தேர்வு

தொழில் செய்துகொண்டே சான்றிதழ்த் தேர்வெழுதுதல் கணினிக் காலத்தில் பிறந்த புதுமை எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகுதி. வெடி விபத்துகளில் தொழிலாளர் மாண்டனர். ஆகவே சுரங்க மேற்பார்வையாளராவோர் தேர்வெழுதித் தகுதி பெறல் வேண்டும் என 1885இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அதுவரை அனுபவத்தை மட்டுமே நம்பியிருந்த சுரங்கத் தொழிலாளி இப்போது கணிதமும் வாயுவியலும் படித்தாக வேண்டியதாயிற்று. படிக்கப் பள்ளி எங்கே? நேரம் எங்கே?

தாமஸ் ஃபாஸ்டர் என்னும் இதழாசிரியர் சுரங்கத் தொழிலாளர்க்கென ஓர் இதழ் நடத்திவந்தார். தேர்வு வினாக்களுக்கு அவ்விதழில் விடை வெளியிட்டார். வினாக்கள் பெருகவே, 1891இல் ஸ்கிராண்டன் நகரில் அஞ்சல் வழியாகப் பாடம் அனுப்பும் முறையைத் தொடங்கினார். கரி படிந்த கையோடு வீடு திரும்பிய தொழிலாளி, விளக்கொளியில் பாடம் படித்து, விடை எழுதி, அஞ்சலில் சேர்த்தான். அவ்வமைப்பே பின்னர் உலகெங்கும் பரவிய பன்னாட்டு அஞ்சல்வழிப் பள்ளியாக வளர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தேர்வு என்னும் தடை எழுந்தபோது சுரங்கத்தின் ஆழத்தில் இருந்தவன் மேற்பார்வையாளன் ஆகும் வாய்ப்பும் உடனெழுந்தது. ஆனால் அவ்வாய்ப்பு தானே கைக்கு வரவில்லை. பாடத்தை எளிதாக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, அவன் வீட்டு வாசலில் சேர்ப்பார் ஒருவர் தேவைப்பட்டார்.

அண்ணல் கண்ட காலைக் கல்லூரி

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே உழைத்துப் படித்தலுக்கு ஒளிவிளக்கு. இலண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தபோது அவர் சோர்ந்துவிடவில்லை. 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோல்காப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் துணை நின்றன. 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1922இல் பாரிஸ்டர் தகுதியும் 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

தாம் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. 1945இல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே, 1946 ஜூன் திங்களில், பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியின் சிறப்பு அதன் கட்டடத்தில் இல்லை. கால அட்டவணையில் இருந்தது. அலுவலகங்களில் வேலை பார்க்கும் ஏழை மாணவர் படித்துவிட்டுப் பணிக்குச் செல்லும் வண்ணம் காலை வேளையில் வகுப்புகள் நடைபெற்றன. எழுத்தராகவும் கடைநிலை ஊழியராகவும் இருந்தோர் பட்டதாரிகள் ஆயினர். புலே ஏற்றிய இரவு விளக்கு, அண்ணலின் கையில் காலைக் கதிராயிற்று.

கல்விச் சங்கம் என்னும் பெயரைத் தாங்கிய நாம் இதனை மறத்தலாகாது. 'படி' என்று சொல்லுதல் எளிது. படிப்பதற்குரிய நேரத்தை உண்டாக்கித் தருதலே அண்ணல் செய்த செயல்.

அஞ்சலில் வந்த பட்டம்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1971இல் அது அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1978இல் காமராசர் பெயரைத் தாங்கிற்று. அஞ்சல்காரர் கொணர்ந்த பாடக் கட்டுகள் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளின் எத்தனையோ வீடுகளில் பட்டதாரிகளை உருவாக்கின. இடைநிலை ஆசிரியர், எழுத்தர், நடத்துநர், காவலர் எனப் பலரும் விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்புகளுக்குச் சென்றனர், மாலையில் படித்தனர், தேர்வெழுதினர். இன்று ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர்களாகிய நம்மில் பலர் அவ்வழியே வந்தவர்களே.

அக்காலத்திலேயே தட்டச்சுப் பயிலகங்கள் ஊர்தோறும் ஒலித்தன. பள்ளி இறுதித் தேர்வோடு தட்டச்சில் 'லோயர்', 'ஹையர்' தேறியவர்க்கு அரசு அலுவலகக் கதவு திறந்தது. அரசு தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்திய அத்தேர்வில், தாளில் விழுந்த எழுத்தே பேசியது. பட்டயப் படிப்போடு வேலையிற் சேர்ந்தோர்க்கு, 1920இல் நிறுவப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு பொறியாளர் தகுதிக்கு வழி காட்டியது. 1990இல் டோயெக் திட்டம் கணினிக் கல்விக்கு 'ஓ', 'ஏ' எனப் படிநிலைத் தேர்வுகளை வகுத்தது. அதனை நடத்தும் அமைப்பு இன்று நைலிட் என வழங்குகிறது.

இவற்றுள் சில இன்று பழமையாகிவிட்டன. தட்டச்சுப் பொறி அலுவலகங்களிலிருந்து மறைந்தது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. கருவி மாறும், தேர்வின் பெயரும் மாறும். ஆயினும் களைத்த உடலோடு நாள்தோறும் சிறிது நேரம் படித்து ஒரு துறையைக் கைக்கொள்ளும் பழக்கம் மாறுவதில்லை. அப்பழக்கம் உடையவன் அடுத்த கருவிக்கும் அஞ்சான்.

வலையமைப்புத் தேர்வு என்பது யாது?

கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தி பரிமாறச் செய்வதே வலையமைப்பு. 1969இல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்னும் பெயரில் இதன் முதல் வடிவம் இயங்கியது. 1983இல் இன்றைய இணைய நெறிமுறைக்கு அது மாறியது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது.

இணைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 1984இல் தோன்றியது. தன் கருவிகளைக் கையாள வல்லாரைத் தேர்ந்தறிய 1993இல் சி.சி.ஐ.இ. என்னும் உயர்நிலைத் தேர்வையும், 1998இல் சி.சி.என்.ஏ. என்னும் தொடக்கநிலைத் தேர்வையும் அது ஏற்படுத்தியது. காம்ப்டியா போன்ற பிற அமைப்புகளும் இத்தகைய தேர்வுகளை நடத்துகின்றன. சி.சி.என்.ஏ. எழுதுதற்குப் பட்டம் வேண்டும் என்னும் விதி இல்லை. தேர்வு நேரம் 120 நிமிடம். பாடப்பகுதிகள் ஆறு: வலையமைப்பின் அடிப்படைகள் நூற்றுக்கு 20, வலையிணைப்பு 20, ஐ.பி. தொடர்பு 25, ஐ.பி. சேவைகள் 10, பாதுகாப்பு 15, தானியக்கம் 10 என்பன அவற்றின் பங்கு.

இவை கேட்கும்போது அச்சம் தருவன, விளங்கிக்கொண்டால் எளியன. அஞ்சல் குறியீட்டு எண்ணை நோக்குக. போடிநாயக்கனூரின் எண் 625513. முதல் எண்ணாகிய 6 தென்மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்றும் சேர்ந்து 625 என்றால் மதுரைப் பகுதி. கடைசி மூன்று எண்கள் நம் அஞ்சலகம். தில்லியில் கடிதத்தைப் பிரிப்பவருக்குப் போடியின் தெருக்கள் தெரிய வேண்டுவதில்லை. முதலெண்ணைக் கண்டு தெற்கே அனுப்பினால் போதும். வலையமைப்பிலும் இதுவே முறை. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி உண்டு. அதன் முற்பகுதி எந்த வலை என்பதையும், பிற்பகுதி அவ்வலையில் எந்தக் கணினி என்பதையும் காட்டும். ரவுட்டர் என்னும் கருவி, கடிதம் பிரிக்கும் நிலையத்தைப் போல் முற்பகுதியைப் பார்த்துச் செய்தியை அடுத்த இடத்திற்குத் தள்ளிவிடும்.

மாணவர் பெரிதும் அஞ்சுவது 'சப்நெட்' கணக்கிற்கு. 256 முகவரிகள் கொண்ட தொகுதியை நான்கு அலுவலகங்களுக்குப் பங்கிட வேண்டும் எனக் கொள்வோம். ஒன்றுக்கு 64 வரும். ஒவ்வொரு பங்கிலும் முதல் முகவரி அவ்வலையின் பெயருக்கும், கடைசி முகவரி பொது அறிவிப்புக்கும் ஒதுக்கப்படும். எஞ்சிய 62 முகவரிகளே கணினிகளுக்கு உரியன. இஃது எட்டாம் வகுப்புக் கணக்கன்றோ? 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என இரட்டித்துச் செல்லும் எட்டு எண்களை மனத்தில் இருத்தியவர்க்கு இரும எண் கணக்கு வசமாகிவிடும். படி, வீசம் என அளந்து கணக்கிட்ட பரம்பரைக்கு இஃது அரிதாகாது.

குழி வெட்டுவோரும் கருவி இயக்குவோரும்

இனி இக்கட்டுரையின் உயிர்ப்பகுதிக்கு வருகிறோம். சாதி என்பது தொழிலைப் பிரித்ததோடு நில்லாமல் தொழிலாளரையே மேல் கீழாகப் பிரித்துவைத்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். இப்பிரிவு பழந்தொழில்களோடு ஒழிந்துவிடும் எனப் பலர் நம்பினர். புதுத்தொழிலிலும் அது புகுந்துவிடக் கூடும் என்பதே நம் கவலை.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் நடைபெற்று வருகிறது. சாலையோரம் குழி வெட்ட வேண்டும். வடத்தை இழுக்க வேண்டும். கம்பம் ஏற வேண்டும். இப்பணிகளுக்கு ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்குச் செல்வோருள் நம் இளைஞர் உண்டு. வடத்தின் முனை ஓர் அறைக்குள் நுழைகிறது. அவ்வறையில் கருவியை அமைப்பவர் வேறொருவர். குழியில் நின்றவர்க்கும் அறையில் அமர்ந்தவர்க்கும் இடையே உள்ள தொலைவு சில அடிதான். ஆனால் ஊதியத்தில், மதிப்பில், எதிர்காலத்தில் அத்தொலைவு பெரிது. கம்பிவடத்தில் பெட்டி ஏற்றியவர்க்கும் கணக்கேடு எழுதியவர்க்கும் இடையே அன்றிருந்த தொலைவே இன்று வேறு உருவில் நிற்கிறது.

ஏலக்காய் வணிகத்தையே பாருங்கள். நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். 1956இல் மொழிவழி மாநிலப் பிரிவினையால் மலை கேரளத்திலும் அடிவாரம் தமிழகத்திலும் அமைந்தன. எனினும் உழைப்பின் வழித்தடம் மாறவில்லை. பறித்து உலர்த்திய காயைக் கிட்டங்கிகளில் தரம் பிரிப்போரும் நம் பெண்களே. ஆனால் அக்காயின் விலை எங்கே முடிவாகிறது? நறுமணப் பொருள் வாரியம் 2007இல் போடியில் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. வணிகர் கணினியின் முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். 2021இல் போடி, புற்றடி ஆகிய இரு ஏல மையங்களும் ஒரே இணையவழி ஏற்பாட்டில் இணைக்கப்பட்டன. மலைக்கு இப்புறமும் அப்புறமும் இருப்போர் ஒரே வேளையில் விலை கேட்க வலையமைப்பே துணை. வலை அறுந்தால் ஏலம் நிற்கும். காய் பறித்தவர் மகனும் தரம் பிரித்தவர் மகளும் அவ்வலையைக் காக்கும் அறிவைப் பெறல் வேண்டாமா?

அரசுப் பணிகளில் அரசியலமைப்பு நமக்கு இட ஒதுக்கீட்டைத் தந்துள்ளது. அதனைப் பெற்றுத் தந்தோர் பட்ட பாட்டை மறவோம், அவ்வுரிமையை விட்டுக்கொடோம். ஆனால் வலையமைப்புப் பணிகளுட் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களில் உள்ளன. ஆங்கு ஒதுக்கீடு இல்லை. பரிந்துரைப்போர் நமக்கு இல்லை. அத்தகைய இடத்தில், தேர்வுப் பொறி அளிக்கும் மதிப்பெண் ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கேளாது. சான்றிதழ் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என நாம் கூறவில்லை. நேர்காணலில் பழைய நோய் தலைகாட்டாது என்றும் உறுதி கூறோம். தட்டுவதற்கு ஒரு கதவேனும் கிடைக்கும் என்பதே நம் கூற்று.

இளைஞர்க்குச் சில எச்சரிக்கைகள்

முதலாவது, செலவு. சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டும், வரி தனி. தோட்டக் கூலிக் குடும்பத்திற்கு இது பல வார வருவாய். ஆதலின் ஆயத்தமாகாமல் நாள் குறித்தல் கூடாது. கற்பதற்கோ மிகுந்த செலவு வேண்டுவதில்லை. இந்திய தொழில்நுட்பக் கழகங்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். ரவுட்டரை விலைக்கு வாங்காமலே கணினித் திரையில் பயிற்சி செய்தற்குப் 'பாக்கெட் ட்ரேசர்' என்னும் இலவச மென்பொருள் உண்டு.

இரண்டாவது, குறுக்கு வழி. உண்மைத் தேர்வு வினாக்கள் எனக் கூறி விற்கப்படும் 'டம்ப்' தொகுப்புகளை நாடற்க. அதனைப் பயன்படுத்தியது தெரியவரின் சான்றிதழ் பறிபோகும். மீண்டும் எழுதவும் தடை வரும். தெரியவராவிடினும், பணியிடத்தில் வலை அறுந்து நிற்கும்போது மனப்பாடம் கைகொடாது. நம்முள் ஒருவர் தடுமாறினால் அவர் ஒருவரோடு பழி நில்லாது, நம் இனத்தின் மேலேயே சுமத்தப்படும் என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது, காலம். இச்சான்றிதழ் மூன்று ஆண்டுகளே செல்லும். பின் புதுப்பித்தல் வேண்டும். பட்டம் அவ்வாறு காலாவதியாவதன்று. ஆகவே சான்றிதழை நம்பிப் பட்டப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ இடையில் விடுதல் அறிவுடைமையன்று. 2012இல் நம் போடியிலேயே அரசு பொறியியற் கல்லூரி தோன்றியுள்ளது. பட்டத்தையும் சான்றிதழையும் இரு கைகளாகக் கொள்க.

நான்காவது, பெயர். தேர்வுக்குப் பதியும் பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும்; தந்தை பெயர் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். பணம் கட்டுமுன் இதனைச் சரிசெய்துகொள்க.

ஐந்தாவது, ஆங்கிலம். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் உள்ளன. இதற்கு அஞ்ச வேண்டா. தேர்வில் வரும் தனிச்சொற்கள் சில நூறே. நாளைக்கு ஐந்து சொல் என எழுதிப் பொருள் அறிந்தால், நூறு நாளில் ஐந்நூறு சொல்லாகும். முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு பின் ஆங்கிலத்தில் படித்தால் பாடம் நெஞ்சில் நிலைக்கும்.

இறுதியாக, நேரம். பகலெல்லாம் நின்று வேலை செய்தவரை இரவில் நான்கு மணி நேரம் படி எனல் கொடுமை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 9 மணி நேரம். 26 வாரங்களில் 234 மணி நேரம் ஆகும். அடிப்படையிலிருந்து தொடங்கும் ஒருவர் ஒழுங்காகப் பயின்றால் இக்காலத்துள் தேர்வுக்கு அருகில் வந்துவிடலாம். ஒருநாள் பத்து மணி நேரமும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் படிப்பது விழலுக்கு இறைத்த நீர்.

சங்கம் செய்யத்தக்கன

மேற்கூறிய வரலாற்றில் தனியொருவர் ஊக்கத்தால் மட்டுமே உயர்ந்தார் என்பதற்குச் சான்று காண்டல் அரிது. புலே தம்பதியர் பள்ளியின் நேரத்தை மாற்றினர். ஸ்கிராண்டன் நகரில் பாடம் வீடு தேடி வந்தது. அண்ணலுக்கு மன்னர் உதவியும் நண்பர் கடனும் கிடைத்தன. அவர் பிறர்க்குக் காலைக் கல்லூரி தந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் பாடக் கட்டை மலையடிவாரத்திற்கு அனுப்பியது. உழைப்பவன் படிக்க வேண்டுமாயின் ஒருவர் நேரத்தையும், ஒருவர் இடத்தையும், ஒருவர் பணத்தையும் முன்வைத்தல் வேண்டும். அவ்வொருவர் நம் சங்கமாக இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை விளக்கும் இணைய இணைப்பும் உள்ள ஓர் அறை வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஐவர் உறங்குமிடத்தில் புத்தகம் விரிக்க இயலுமா? பயன்படுத்திய கணினிகள் சில, ரவுட்டர் ஒன்று, சுவிட்ச் ஒன்று போதும். தேர்வுக் கட்டணத்திற்கு வட்டியில்லாச் சுழல்நிதி ஒன்று வேண்டும். வேலை கிடைத்தபின் தவணையில் திருப்பித் தந்தால், அப்பணமே அடுத்தவர்க்குக் கட்டணமாகும். தேறிய ஒருவர் இருவரைப் பயிற்றுதல் கடமை என விதி செய்வோம். 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் நம் இளைஞர்க்குத் திறன் பயிற்சிகள் அளித்து வருகிறது. அவ்வறிவிப்புகளைக் காலத்தே தெரிவிக்க ஒருவரைப் பொறுப்பாக்குவோம்.

பெண்மக்களை மறத்தலாகாது. இரவில் அறைக்கு வரவியலாத மகளிர்க்கு ஞாயிறு காலை வகுப்பு வேண்டும். கிட்டங்கியில் எட்டு மணி நேரம் காயைத் தரம் பிரிக்கும் கூர்ந்த கண்ணும் பொறுமையும் வலையில் பிழை காணும் பணிக்கும் மிகவும் வேண்டுவன. சாவித்திரிபாய் வழிவந்தோம் எனக் கூறுவது உண்மையாயின், முதல் வரிசையில் அவர்களுக்கு இடம் தருவோம்.

முடிவுரை

இளைஞர்காள்! நும் பாட்டனார் மலைக்குப் பாதை வெட்டினார். நும் தந்தையார் அப்பாதையில் சுமை ஏற்றினார். இன்று மலையையும் அடிவாரத்தையும் கண்ணுக்குத் தெரியாத வலை இணைக்கிறது. அவ்வலைக்குக் குழி வெட்டும் உழைப்பு இழிந்ததன்று, எவ்வுழைப்பும் இழிந்ததன்று. ஆயின் குழியோடு நம்மை நிறுத்திவைக்க எவர்க்கும் உரிமையில்லை. கையில் மண்வெட்டி இருக்கும்போதே பையில் புத்தகம் இருக்கட்டும்.

சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், மாலை அறையின் விளக்கு ஒருநாளும் அணையாதிருக்க உறுப்பினர் அனைவரும் துணை நிற்பீராக! கற்போம், கற்பிப்போம், ஒன்றுபட்டு உயர்வோம்!